அண்ணி வரைந்த வேலைநிறுத்தம்

என் கணவரின் அக்காவை அச்சகத்தில் எல்லோரும் கோடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு போடுவார் என்பதால் வந்த பெயர். எனக்கு அவர் அண்ணி. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது முன்னறை ஜன்னலோரம் வரைபலகையின் மேல் குனிந்திருந்தார். லேசாகத் தலையைத் தூக்கி, "வாம்மா. அந்தப் பக்கமா சுத்திப் போ, மை இன்னும் காயல" என்றார். எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை. சோற்றிலும் துணியிலும் ரப்பர் வாசம் ஏறியிருக்கும். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே தரை அதிரும். அண்ணி பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை சுவரைப் பார்த்தபடி காத்திருப்பார். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்து சீக்கிரமே முடிந்துபோயிருந்தது. அதைப்பற்றி நாங்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அவர்தான் எப்போதாவது, "அந்த மனுஷனுக்கு என் உச்சந்தலைதான் தெரியும், மூஞ்சி ஞாபகம் இருக்குமோ என்னவோ" என்பார்.

அவர் வேலை லேபிள் வரைவது. சோப்பு உறையில் இருக்கும் குழந்தை, பவுடர் டப்பாவில் கன்னத்தைத் தொட்டுக்கொள்ளும் பெண், இருமல் மருந்துப் பெட்டியில் மகனுக்கு ஸ்பூன் நீட்டும் அம்மா, எல்லாம் அண்ணி கைதான். பிறகு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை வருவதுதான் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் நின்றுவிட்டது. அவர் அப்போதும் காலையில் குளித்துவிட்டு வந்து வரைபலகை முன்னால் உட்கார்ந்துகொள்வார். பழக்கம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் தொழிற்சங்கச் செயலாளர் படியேறி வந்தார். ஒடிசலான மனிதர், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கட்டுக் காகிதம். அன்று எனக்கு வார விடுமுறை, அதனால் நானும் வீட்டில் இருந்தேன்.

"தோழர், உங்களால எங்களுக்கு ஒரு காரியம் ஆகணும்" என்று ஆரம்பித்தார்.

"என்னைத் தோழர்னு எல்லாம் கூப்பிடாதீங்க. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு, திரும்பிப் பாக்கணும்னு தோணுது" என்றார் அண்ணி.

செயலாளர் கேட்டது ஒரு சித்திர நாவல். கட்டம் கட்டமாகப் படம், பலூனுக்குள் பேச்சு, ஆனால் பெரியவர்கள் படிப்பதற்கு. கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆற்றோரம் இருந்த பழைய பிஸ்கட் தொழிற்சாலையில், பேக்கிங் ஹாலில் வேலை செய்த பெண்கள் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே டின்களை நிரப்ப வேண்டும். உட்கார ஸ்டூல் கேட்டார்கள். உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும் என்றது நிர்வாகம். ஒரு மத்தியானம் அத்தனை பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க, பிஸ்கட் எல்லாம் கொட்டிக் குவிந்தது. அவர்களைத் தூக்கி வெளியே போட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க கேட்டுக்கு வெளியே கிடந்தார்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு இன்றைக்கும் ஸ்டூல் ஸ்டாப் என்றுதான் பெயர்.

செயலாளர் போனபிறகு அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உக்கார்றதுக்கா சண்டை போட்டாங்க? நான் எந்திரிக்கறதுக்குல்ல சண்டை போடணும்" என்றார்.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். வேறு வேலை இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, அவரிடம் வந்து யாரும் அதுவரை கதை கேட்டதில்லை, குழந்தை முகத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

சிக்கல் அங்கேயே தொடங்கியது. லேபிளில் இருப்பவர்கள் சிரித்தே ஆகவேண்டும். இத்தனை வருஷமாகச் சிரிப்பையே வரைந்த கைக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. முதலில் போட்ட பக்கத்தில் போலீஸ்காரர்கள் தடியை ஓங்க, பெண்கள் பளபளவென்று பல் தெரிய நின்றார்கள். என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அடி வாங்கறதுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றார். அண்ணி அதை வாங்கிக் கிழித்தார். அடுத்ததில் வாயை மூடினார். மூடிய வாயும் ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏறியே நின்றது.

"கை தானா போகுதுடா. நான் என்ன பண்ணுவேன்" என்றார்.

நான் வேலை செய்வது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். இயந்திரத்திலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்புகளை இன்னொருத்தியோடு சேர்ந்து இழுத்து மடிக்கவேண்டும். எங்களுக்கும் நிற்கிற வேலைதான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அப்படியே நில்லு!" என்று அண்ணி கத்தினார். பல்லியோ பாம்போ என்று நான் உறைந்துபோனேன். பார்த்தால் பென்சிலை எடுத்து என்னை வரைந்துகொண்டிருக்கிறார்.

"பையை இறக்காத. தோள் அப்படியே இருக்கட்டும். வாயை ஒண்ணும் பண்ணாத."

"அண்ணி, காலையிலேர்ந்து நின்னுட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் நிக்கணுமா?"

"அந்தக் கோவம் நல்லா இருக்கு, அதையும் வெச்சுக்கோ" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. என் களைத்த முகத்தை எடுத்து மூக்கை மாற்றுவார், தலைமுடியை மாற்றுவார், வயதைக் கூட்டுவார் குறைப்பார். ஒரு கட்டத்தில் கூட்டம் என்றால் அதில் எத்தனை முகம்! ஒவ்வொன்றுக்கும் கண் வேண்டும், தாடை வேண்டும், பின்னால் நிற்பவளின் தோள் முன்னால் நிற்பவளின் காதை மறைக்க வேண்டும். பேருந்து ஓட்டும் என் கணவருக்கு சூப்பர்வைசர் வேஷம் கிடைத்தது. மீசையும் தொந்தியுமாகத் தன்னைக் கண்டபோது அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"கூடப் பொறந்த தம்பிய வில்லனாக்கிட்டியே அக்கா."

"ஊர்ல வேற தொந்தி எனக்கு இவ்வளவு கிட்ட கிடைக்கலடா" என்றார் அண்ணி.

சிரித்தோம். ஆனால் மாதங்கள் போகப் போக வீட்டில் சிரிப்புக்குத் தெம்பில்லை. அண்ணியின் மணிக்கட்டு வீங்கியது. வெந்நீரில் ஊறவைத்து, துணி சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்வார். வேலை முடிந்து வந்து நான் சமைப்பேன், அவர் இடது கையால் சாப்பிடுவார். சில நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம், நீ போய்ப் படு" என்பார். அப்படிப்பட்ட நாள்களில் கண்ணாடியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

செயலாளர் எழுதிக் கொடுத்ததில் வேலைநிறுத்தத்தின் முடிவு தெளிவாக இல்லை. "உறுதியோடு திரும்பினர்" என்று ஒரே வரி. அதை எப்படி வரைவது? விசாரித்தபோது, அந்த ஹாலில் வேலை செய்த ஒரு அம்மா தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். டின்னுக்கு மூடி அழுத்துகிற வேலை பார்த்ததால் அவருக்கு மூடியம்மா என்று பெயர். வீங்கிய கையால் கம்பியைப் பிடித்து அண்ணி தனியாகப் பேருந்தில் ஏற முடியாது என்பதால் நானும் கூடப் போனேன்.

மூடியம்மா கட்டிலை நிறைத்து உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் முதல் பேச்சே, "நான் அப்ப ஒல்லி. அதை மறந்துடாத" என்பதுதான்.

"சரிம்மா, ஒல்லியாவே போட்டுடறேன்" என்றார் அண்ணி. ஹாலில் ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எவ்வளவு உயரம், கை எப்படி அசையும் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். உள்ளங்கையால் மூடியை அழுத்திக் கட்டைவிரலால் ஓரத்தை ஓட்டிக் காட்டினார் மூடியம்மா. வெறுங்காற்றில் அந்தக் கை போன வேகத்தில் விரல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை.

பிறகு அண்ணி கேட்டார். "கடைசியா உள்ள போனீங்களே, எப்படிப் போனீங்க?"

"எப்படின்னா? கால்ல நடந்துதான்."

"இல்லம்மா, கோஷம் போட்டுட்டா, கொடி பிடிச்சுட்டா?"

"வீட்ல அடுப்பு எரியல. பிள்ளைங்க மொகத்தப் பாக்க முடியல. ஒருத்தி போனா, ரெண்டு பேர் போனாங்க, அப்புறம் எல்லாரும் போயிட்டோம். யாரும் யாரையும் பாத்துக்கல. நான் என் செருப்பைப் பாத்துக்கிட்டே போனேன்."

"ஸ்டூல் தரலியா?"

"ஒண்ணே ஒண்ணு தந்தான்." அவர் சிரித்த மாதிரி இருந்தது. "உள்ள போனா, ஹால் நடுவுல ஒரே ஒரு ஸ்டூல். சூப்பர்வைசர் கொண்டாந்து வெச்சிருக்கான். கேட்டீங்கள்ல, இந்தா, யாருக்கு வேணுமோ உக்காந்துக்கங்கன்னான். அத்தனை பேருக்கும் கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. மழையில கெடந்து உடம்பெல்லாம் போச்சு. ஒருத்தி உக்காரணுமே! சுத்திச் சுத்திப் போனோம். அதுமேல துணிகூடப் படல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாங்க உக்காருவோம்னு அவனும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தான். சாயங்காலம் ஆச்சு. கடைசில அவனே உக்காந்துக்கிட்டான். அவனுக்கும் கால்தானே, மரமா?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கை வலியைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். நடந்து போகும் பெண்களை முதுகுப் பக்கமாகப் போட்டார். ஒரு முகமும் தெரியாது. குனிந்த கழுத்துகளும் ஈரச் செருப்புகளும்தான். அடுத்த பக்கத்தில் பெரிய ஹால், நடுவில் ஒரு ஸ்டூல். அதைச் சுற்றி வேலை நடக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் ஜன்னல் வெளிச்சம் சாய்கிறது, ஸ்டூலின் நிழல் நீள்கிறது. கடைசிக் கட்டத்தில் சூப்பர்வைசர் அதில் உட்கார்ந்து, குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

என் கணவர் அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தினமும் கிளட்ச் மிதித்துவிட்டு வந்து அவர் காலைப் பிசைவது அப்படியேதான். "பாவம்க்கா இவன்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

செயலாளர் வந்து பார்த்தார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதை மாத்தணும் தோழர். கடைசிப் பக்கத்துல எல்லாரும் கையை ஓங்கி நிக்கணும். கமிட்டியில பேசியாச்சு."

"அவங்க அப்படி நிக்கலியே."

"தோத்த கதையை எதுக்குப் புத்தகமாப் போடணும்?" அவர் குரல் ஏறிவிட்டது. பிறகு அவரே தணித்துக்கொண்டார். "எங்கம்மாவும் அந்தக் கேட்டுக்கு வெளியே கெடந்தவங்கதான். கைக்குழந்தையா என்னையும் அங்க தூக்கிட்டுப் போயிருக்காங்க, எனக்கு ஞாபகமில்ல. அவங்க தோத்துட்டாங்கன்னு நான் எப்படி அச்சுல போடுவேன்?"

எனக்கு அதுவரை அவர்மேல் எரிச்சல்தான் இருந்தது. அதைக் கேட்டதும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அண்ணி யோசித்தார். "தோத்தாங்கன்னு நான் எழுதலியே. உள்ள போனாங்கன்னுதானே வரைஞ்சிருக்கேன்" என்றார். அதற்குமேல் வாதாட அவரிடம் தெம்பில்லை. "சரி, முயற்சி பண்றேன். வரலேன்னா என்னைத் திட்டாதீங்க."

முயற்சி செய்யவும் செய்தார். கையை ஓங்கிய பெண்கள், கொடி, பின்னால் எழும் சூரியன். வரைய வரைய முகங்கள் பளபளக்க ஆரம்பித்தன. வாய் ஓரம் மேலே ஏறியது. பல் தெரிந்தது. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உண்மையைச் சொல்லு."

"சோப்பு வெளம்பரம் மாதிரி இருக்கு அண்ணி."

"அதேதான்" என்று பேனாவை மூடி வைத்தார். அவருக்குக் கோபமில்லை. வேலை முடித்துவிட்டு என் சலவைக்கூடத்துப் பெண்கள் சுவரில் சாய்வார்களே, அப்படிச் சாய்ந்துகொண்டார். மறுநாள் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. எங்கள் மருத்துவமனைக்கே கூட்டிப்போனேன். இனி கொஞ்ச காலம் பென்சிலைத் தொடக்கூடாது என்று மணிக்கட்டை அட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

கட்டுப் போட்ட கையைப் பார்க்க செயலாளர் வந்தார். சோப்பு விளம்பரப் பக்கத்தை நானே எடுத்துக் காட்டினேன். பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் மெல்லப் பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடந்து போகிற பக்கமும் ஸ்டூல் பக்கமும் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு ஒரே ஒரு பக்கம் சேர்ப்பார்கள். பல வருஷம் கழித்து, வேறு இடங்களிலும் பெண்கள் கேட்டுக் கேட்டு, தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் ஸ்டூல் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அந்தப் பக்கம். நடந்த விஷயம்தான், பொய்யில்லை. அதை வேறொருவர் கம்ப்யூட்டரில் வரைவார். அண்ணி தலையாட்டினார்.

"யார் வேணா வரையட்டும். எனக்குத் தூக்கம் வருது" என்றார்.

புத்தகம் வெளியான அன்று சங்க அலுவலகத்தில் கூட்டம். உயிரோடு இருந்த பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்களை எல்லாம் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பேசியவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். மூடியம்மா அதைக் காதில் வாங்காமல் மடியில் புத்தகத்தை வைத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குப் பின்வரிசையில் இருந்தோம். காலி ஸ்டூல் பக்கம் வந்ததும் பக்கத்திலிருந்த கிழவியை முழங்கையால் இடித்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிப் பக்கம் வந்தது. வெளிச்சமான ஹால், வரிசையாக ஸ்டூல்கள், அதில் பெண்கள். நடுவில் மூடியை அழுத்தியபடி ஒல்லியாக ஒருத்தி.

மூடியம்மா திரும்பி அண்ணியைப் பார்த்தார். "இது யாரு?"

"நீங்கதாம்மா. ஆனா நான் வரைஞ்சதில்ல."

"ஸ்டூல் வந்தப்ப நான் அங்க ஏது? அதுக்கு முன்னாடியே கால் போயி வேலைய விட்டுட்டேனே."

அண்ணி கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். மூடியம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒல்லிப் பெண்ணின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

"போகட்டும். படத்துலயாவது உக்காந்துட்டுப் போறேன்" என்றார்.

புத்தகம் ஊரில் ஓரளவு சுற்றியது. என் கணவர் ஒன்றைப் பேருந்தில் வைத்திருந்து, தெரிந்தவர் ஏறினால் சூப்பர்வைசர் பக்கத்தைப் பிரித்து நீட்டுவார். சலவைக்கூடத்துக்கு நான் கொண்டுபோனதை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "இது நீ. இதுவும் நீ. ஏய், அந்தத் தாடிக்காரன்கூட நீதாண்டி! ஸ்டிரைக்ல வேற ஆளே இல்லியா?" என்று ஒரே கேலி. பிறகு ஒருத்தி, நாமும் ஸ்டூல் கேட்டால் என்ன என்றாள். கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை எழுதிக் கேட்கப்போகிறோம்.

அண்ணியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது, ஆனால் நெடுநேரம் எதையும் பிடிக்க முடிவதில்லை. அச்சகத்தில் கூப்பிட்டு, அச்சாகி வரும் மருந்துப் பெட்டிகளில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். போய்விட்டு வருகிறார். போன வாரம் துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கள் கதையையும் வரைந்து தருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

"வரைவீங்களா அண்ணி?" என்று நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் காலை நீட்டியிருந்தேன்.

"மூட்டையோட கப்பல்ல ஏறி இறங்கற ஆளுங்க. எல்லாருக்கும் தோளைல்ல வரையணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"உன் தம்பிய ஒரு நாள் வரச் சொல்லேன். அவன் மூட்டை தூக்கறவன்தானே?" என்றார்.